ஷாங்காய்க்குப் போய் வந்த குணவதி சிஸ்டர்

அன்று காலை நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். போனில் குணவதி சிஸ்டரின் மகள் அருள்மொழி. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன்" என்றாள். அடுப்பை அணைத்தேன். என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் "அப்பாடா". வெட்கமாகப் போய்விட்டது. அவள் காதில் விழுந்திருக்காது என்று சமாதானம் செய்துகொண்டேன். விழுந்திருக்கிறது. பதினாறாம் நாள் வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு அருளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்: "நீங்க அப்பாடான்னு சொன்னீங்கல்ல, எனக்கும் அதான் தோணுச்சு."

ஒருவர் செத்துப்போனதைக் கேட்டு ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைக் குணவதி சிஸ்டரை அறிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் அவள் கையில் பிறந்தவர்கள். கரிக்கலாம்பாக்கத்திலும் பாகூர் பக்கத்திலும் அவள் வேலை பார்த்த காலத்தில் பிரசவத்துக்கு வந்தவர்கள், அவள் திட்டு வாங்காமல் பிள்ளையோடு வீடு திரும்பியதில்லை. ஊருக்கு அவர் சிஸ்டர். எனக்கு அவள் குணா. ஒரே சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ், நான் மருந்து கொடுப்பவள். இருபத்திரண்டு வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றோம். ஆகவே "அவள்" என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் பிடிவாதங்களில் பெரியது பிறந்த நேரம். பிள்ளை வெளியே வந்ததும் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள், வாய்விட்டு நேரத்தைச் சொல்வாள், அதன் பிறகுதான் ஆணா பெண்ணா என்பாள். ஒருமுறை கரும்புத்தோட்டக்காரர் ஒருவர், ஊரில் பெரிய கை, பேத்தி பிறந்த நேரத்தைப் பத்து நிமிடம் முன்னால் எழுதச் சொல்லி வந்து நின்றார். ஜோசியர் சொன்னாராம், அந்தப் பத்து நிமிடத்தில் நட்சத்திரம் மாறிவிடுகிறதாம். குணா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஐயா, கடிகாரம் என்னுது இல்ல, கவர்மெண்டுது. அதுகிட்ட கேளுங்க." அவர் மேலிடத்தில் புகார் செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரம் அப்படியே பதிவேட்டில் இருக்கிறது.

அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நேரத்தை மாற்றினாள். மாற்றச் சொன்னவள் நான்.

அருள் அவளுக்கு ஒரே மகள். குணாவின் கணவர் அருள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். மகளைப் படிக்கவைத்து, பெங்களூரில் நல்ல வேலையில் அமர்த்தினாள். கல்யாணம்தான் அமையவில்லை. அருளுக்கு மூல நட்சத்திரம். பெண் மூலம் மாமனாருக்கு ஆகாது என்று சொல்லி வருகிறவர்களெல்லாம் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். "மாமனார் இல்லாத வூடா பாருங்க" என்றார் ஒரு தரகர். அப்பன் செத்த வீட்டைத் தேடி அலைவதா என்று குணா அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள். ஆனால் வருடங்கள் போகப் போக அவள் குரல் இறங்கியது.

திருக்கனூரிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையன் தங்கமானவன், குடும்பமும் அப்படித்தான். மாமனார் உயிரோடு இருந்தார். அருள் பிறந்தது விடிகாலை நாலு பத்துக்கு. மூலம் தொடங்கிக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. இருபது நிமிடம் முன்னால் எழுதினால் கேட்டை. கேட்டை கணவனுக்கு அண்ணன் இருந்தால்தான் ஆகாது. பையனோ வீட்டுக்கு மூத்தவன். நான் சொன்னேன்: "இருபது நிமிஷம்தான்டி. யாருக்கு இன்னா நஷ்டம்?" மூன்று நாள் பேசாமல் இருந்தாள். நாலாம் நாள் தலையாட்டினாள். வில்லியனூரில் வேறொரு ஜோசியரிடம் புது ஜாதகம் எழுதி வாங்கி வந்தது நான்தான்.

பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பேசி முடித்து வெற்றிலைத் தட்டு மாற்றப்போகிற நேரம். பையனின் அப்பா சும்மா ஒரு பேச்சுக்கு, "நீ விடிகாலைல பொறந்தியாமேம்மா, மூணு அம்பதுக்கு?" என்று கேட்டார். அருளுக்கு எங்கள் ஏற்பாடு எதுவும் தெரியாது. "இல்ல அங்கிள், நாலு பத்து. வலியிலயும் கடிகாரத்தப் பாத்தேன்னு அம்மா எப்பவும் சொல்வாங்க" என்றாள். பையனின் அப்பா வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தார். அவர்கள் கோபப்படக்கூட இல்லை. எழுந்து போய்விட்டார்கள்.

அருள் அம்மாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஊர்ல எல்லார் புள்ளைக்கும் உண்மைய எழுதுன. எனக்கு மட்டும் ஏம்மா பொய் எழுதுன?"

"அல்லிதான் மாத்தச் சொன்னா" என்று குணா என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், நானும் சொல்லவில்லை. அருள் அன்று சாயங்காலமே பெங்களூர் பஸ் ஏறினாள். அதன் பிறகு இரண்டரை வருடம் அம்மாவோடு பேசவில்லை. மாதாமாதம், "மாத்திரை வாங்கிட்டியா?" என்று ஒரு செய்தி மட்டும் வரும். "வாங்கிட்டேன்" என்று குணா அனுப்புவாள். அவ்வளவுதான்.

அந்த இரண்டரை வருடத்தில்தான் அவளுக்குச் சீனத் தொடர்களின் மேல் பைத்தியம் பிடித்தது. தமிழில் பேசவைத்து போனில் வருகிறதே, அவைதான். முதலில் ராஜா ராணிக் கதைகள். "பாருடி, நாடியப் புடிச்சே மூணு மாசம்னு சொல்றான் இந்த வைத்தியன். நாம ஸ்கேனுக்கு அனுப்பி ரெண்டு நாளு காத்திருந்தோம்" என்று சிரிப்பாள். பிறகு இந்தக் காலத்துக் குடும்பக் கதைகள். அடுக்குமாடி வீடு, காலையில் வேலைக்கு ஓடும் பெண், கிண்ணத்தை நீட்டிக்கொண்டே பின்னால் வரும் அம்மா. அம்மாவும் மகளும் சண்டை போடும் காட்சி வந்தால் மட்டும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

என் தங்கை மகன் கார்த்தி ஷாங்காயில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். "வாங்க பெரியம்மா, ரூம் இருக்கு" என்று வருடக்கணக்காக அழைத்துக்கொண்டிருந்தான். என் கணவர் விமானம் என்றாலே கும்பிடு போடுபவர். ஒருநாள் பேச்சுவாக்கில் குணாவிடம் சொன்னேன். அவள் உடனே, "பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எங்கடி எடுக்கணும்?" என்று கேட்டாள். எனக்கு அவளிடம் பட்ட கடன் ஒன்று இருந்தது. அதை வாயால் சொல்லித் தீர்க்கத் தைரியமில்லாததால் கூடக் கிளம்பினேன் என்பதுதான் உண்மை. மகளிடம் சொல்லாமலே கிளம்பினாள் அவள்.

கோலாலம்பூரில் மாறி ஷாங்காய் போய்ச் சேர்ந்தோம். உயரமான கோபுரங்கள், அரண்மனை போன்ற பழைய தோட்டம் என்று கார்த்தி ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தான். குணா அதை மடித்து அவனிடமே கொடுத்தாள். "ராஜா வூடு வேணாம்பா. சனங்க காலைல எழுந்து இன்னா பண்றாங்கன்னு காட்டு."

ஆகவே நாங்கள் தெருத்தெருவாக நடந்தோம். ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கம்பிகளில் சட்டையும் போர்வையும் காய்ந்தன. தெருமுனைக் கடையில் மாவை நீளமாக இழுத்து எண்ணெயில் போட்டு, சுடச்சுட எடுத்துக் கொடுத்தார்கள். அதை சோயா பாலில் தோய்த்துத் தின்கிறார்கள். குணா இரண்டு தின்றாள். காய்கறிக்காரி முதல் செருப்புத் தைப்பவர் வரை எல்லோரும் போனைக் காட்டித்தான் காசு வாங்கினார்கள். "வில்லியனூர் சந்தை மாதிரியே கீதேடி" என்றாள். எங்கே உட்கார்ந்தாலும் முதலில் சுடுதண்ணீர் வைத்தார்கள். அதில்தான் அவள் மயங்கிப்போனாள். "முப்பது வருஷமா சுடுதண்ணி குடி, சுடுதண்ணி குடின்னு கத்துனேன். கேட்டவங்க எல்லாம் இங்கதான் கீறாங்க."

கார்த்தியின் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவ நிலையம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் கால்கள் தாமாக உள்ளே போய்விட்டன. வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒருவர், தலைக்கு மேல் குளுக்கோஸ் பாட்டில், கையில் போன். சிலர் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த நர்ஸ் நாற்பது வயதுப் பெண். யார் நீங்கள் என்பதுபோல் பார்த்தாள். குணா தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, ஊசி போடுவதுபோல் விரலை அசைத்தாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தபடி நாற்காலி இழுத்துப் போட்டு குணாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. குணாவின் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழுந்தது. ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸைப் பார்த்தாள், அவ்வளவுதான். வெளியே வந்ததும் கேட்டேன். "தெரிஞ்சதுதான், நடடி" என்றாள். இதயம் சோர்ந்துவருவது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் நடுவில் இருக்கும் பெரிய பூங்காவுக்குப் போனோம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆனால் நடைபாதை நெடுக விரித்த குடைகள் தரையில் வரிசையாக இருந்தன. குடை வியாபாரம் என்றுதான் நினைத்தோம். கிட்டே போனால் ஒவ்வொரு குடையிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பின்னால் சிறு முக்காலியில் ஓர் அம்மாவோ அப்பாவோ. கார்த்தி தலையைச் சொறிந்தான். "இது... கல்யாணச் சந்தை பெரியம்மா. புள்ளைங்களுக்கு வரன் பாக்க அப்பா அம்மா வந்து உக்காருவாங்க. உயரம், படிப்பு, சம்பளம், சொந்த வூடு இருக்கா, எல்லாம் எழுதியிருக்கும்."

குணா நின்றுவிட்டாள். பிறகு மெல்ல ஒவ்வொரு குடையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வார்டில் சுற்றி வருவாளே, அந்த நடை.

ஒரு குடைக்குப் பின்னால் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் குடைக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. குணாவைப் பார்த்து ஏதோ கேட்டார். கார்த்தி சொன்னான்: "உங்களுக்கு மகனா மகளான்னு கேக்கறாரு. மகன்னா நின்னு பேசலாமாம். மகள்னா அவரு கட்சியாம், பக்கத்துல உக்காரச் சொல்றாரு." பெரியவர் அதற்குள் இன்னொரு முக்காலியை எடுத்துப் போட்டிருந்தார். குணா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

கார்த்தி இருவருக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து மாற்றி மாற்றிச் சொன்னான். பெரியவருக்கு ஒரே மகள். வங்கியில் வேலை. நல்ல பெண், ஆனால் ஆட்டு வருடத்தில் பிறந்தவள். அங்கே வருடங்களுக்கு மிருகப் பெயர்கள் உண்டு. ஆட்டு வருடப் பெண்ணுக்கு வாழ்க்கை நிறைவாக அமையாது என்று பழைய ஆட்கள் ஒதுக்கிவிடுவார்களாம். தாளில் அந்த வருடத்தைப் பார்த்ததும் நகர்ந்துவிடுகிறார்கள் என்றார்.

"எம்பொண்ணு மூலம். அதச் சொல்லுடா கார்த்தி" என்றாள் குணா. மூலத்தைச் சீனத்தில் எப்படிச் சொல்வதென்று கார்த்தி திணறினான். எப்படியோ சொன்னான். பெரியவர் கூர்ந்து கேட்டுவிட்டு, உங்கள் மகள் பிறந்த வருடம் என்ன என்றார். சொன்னதும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டார். அருளும் ஆட்டு வருடம்தான்.

குணா வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டரை வருடத்தில் இப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. "அங்க மூலம், இங்க ஆடு! எங்க போனாலும் எம்பொண்ண சேத்துக்க மாட்டானுங்க போல!"

பெரியவரும் சிரித்தார். பிறகு சொன்னதுதான் முக்கியம். அவர் மகள் பிறந்தது அந்த வருடத்தின் கடைசி வாரத்தில். ஒரு வாரம் தள்ளியிருந்தால் குரங்கு வருடம், எந்தத் தடையும் இல்லை. தேதியை மாற்றி எழுது என்று இந்தப் பூங்காவிலேயே எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்களாம். "ஏன் மாத்தல?" என்று குணா கேட்டாள். கார்த்தி மெதுவாகச் சொன்னான்: "அன்னிக்கு ஐஸ் மாதிரி மழையாம் சிஸ்டர். சைக்கிள்ல ஆஸ்பத்திரிக்குப் போயி மகளை முதல் தடவ தூக்குனாராம். அந்த நாள எப்படி இல்லைன்னு எழுதறதுன்னு கேக்கறாரு."

குணாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவள் குரல் மட்டும் கேட்டது: "கார்த்தி, அருளுக்கு போன் போடு."

அருளும் கார்த்தியும் சிறு வயதில் என் வீட்டில் ஒன்றாக விளையாடியவர்கள்; அவன் எண்ணைப் பார்த்ததும் அவள் எடுத்துவிட்டாள். கூட்டச் சத்தத்தில் கேட்பதற்காக அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அருளு, அம்மாடி. நாலு பத்து. நீ காலைல நாலு பத்துக்குப் பொறந்த. பிரசவ மேசைல படுத்துக்கினே கடிகாரத்தப் பாத்தேன். அத மாத்துனது தப்பு. பயந்துட்டேன்டி."

அருளின் குரல் வந்தது: "ம்மா, எங்க கீற நீ? இன்னா சத்தம் அது?"

"சீனாவுல."

"இன்னாது?"

"ஷாங்காய்டி. பார்க்ல. அல்லியோட வந்தேன்."

"இதச் சொல்ல சீனாவுக்குப் போனியாம்மா? கரிக்கலாம்பாக்கத்துலேர்ந்தே சொல்லக்கூடாதா?"

"அங்க வாய் வரலடி" என்றாள் குணா. அருள் சிரிக்கத் தொடங்கி அழுதாள். குணா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் போனை வாங்கினேன். "அருளு, அத மாத்தச் சொன்னது நான். உங்கம்மா இல்ல. ஜாதகம் எழுதி வாங்கினதும் நான்தான்" என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி" என்றாள். "அம்மாவுக்குத் தானா பொய் சொல்ல வராது. யாரோ சொல்லிக் குடுத்திருக்கணும்னு அன்னிக்கே தெரியும். நீங்களா எப்ப சொல்வீங்கன்னுதான் பாத்தேன்."

இரண்டரை வருடமாகக் கிடந்த கல் என் நெஞ்சிலிருந்து அங்கேதான் இறங்கியது. பெரியவர் ஒன்றும் புரியாமல் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கார்த்தி விளக்கியதும் பையிலிருந்து ஆரஞ்சுப் பழங்களை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். அவர் மகளுக்கு நல்லபடியாக அமைந்ததா என்று எனக்குத் தெரியாது. அமைந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் திரும்பியபோது சென்னை விமான நிலையத்தில் அருள் நின்றிருந்தாள். அதன் பிறகு ஒன்றரை வருடம் கிடைத்தது. பதினைந்து நாளுக்கொருமுறை ஊருக்கு வருவாள். குணா முழுக்கத் திருந்திவிட்டாள் என்று எழுதினால் அவளே எழுந்து வந்து திட்டுவாள். "ஒரு நல்ல பையன்..." என்று ஆரம்பிப்பாள், மகள் முகத்தைப் பார்த்ததும் தன் வாயைத் தானே பொத்திக்கொள்வாள். ஆனால் பஸ்ஸில் யாராவது, "சிஸ்டர், பொண்ணுக்கு இன்னும் ஆவலியா?" என்று கேட்டால் அவள் பதில் ஒன்றுதான்: "ஆவல. நல்லா கீறா." அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

கடைசி மூன்று மாதம் படுக்கை. கால்கள் வீங்கின, மூச்சு வாங்கியது. அருள் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். எனக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றுதான்: குழாய்களோடு, யாரையும் அடையாளம் தெரியாமல், மாதக்கணக்கில் கிடந்துவிடுவாளோ என்று. எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறோம். அப்படி நடக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் மகளோடு ரசம் சோறு சாப்பிட்டிருக்கிறாள், உப்பு குறைவு என்று சண்டை போட்டிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள். "அப்பாடா" என்று என் வாய் சொன்னது இதற்காகத்தான். அழுகை பிறகு வந்தது. இன்னும் வருகிறது. ஆனால் முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்க வேண்டியதில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அவளுடைய சேலை ஒன்றை அருள் எனக்குக் கொடுத்தாள். நான் வைத்திருப்பது வேறொன்று. ஷாங்காயில் எங்கள் கடைசி மாலை. குடியிருப்புக்கு முன்னால் இருந்த சதுக்கத்தில் பெண்கள் நாற்பது ஐம்பது பேர், எல்லோரும் எங்கள் வயது, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு வரிசையாக நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். தினமும் ஆடுவார்களாம். குணா கொஞ்ச நேரம் பார்த்தாள். கைப்பையை என்னிடம் கொடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கான்வாஸ் ஷூவோடு கடைசி வரிசையில் போய் நின்றாள். எல்லோரும் வலப்பக்கம் போனால் இவள் இடப்பக்கம் போனாள். பக்கத்திலிருந்த அம்மாள் அவள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். வீங்கிய கால்களோடு, மூச்சு வாங்க, குழந்தைபோல் சிரித்துக்கொண்டே ஆடினாள்.

"வாடி அல்லி!" என்று கத்தினாள். "நம்மள இங்க யாருக்குத் தெரியும்?"

நான் பைகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினேன். அந்தப் பாட்டு முடிந்தது. அவள் வந்து என் கையிலிருந்த பைகளை வாங்கித் தரையில் வைத்தாள்.

அடுத்த பாட்டுக்கு நானும் ஆடினேன்.